சாப்பாட்டுச் சங்கு

இராஜபாளையத்தில் ஜமால் முகமதுவின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அனல்மின் நிலையத்துச் சங்கு ஊதியது. அன்றைக்குத் தக்காளி விலை இறங்கியிருந்ததால் தெருவில் பாதிப்பேர் அதைக் கவனிக்கவில்லை. நூற்பாலைகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு எது எந்த மில் சங்கு என்று காது சொல்லிவிடும். பஸ் வரும் நேரம் மட்டும்தான் தெரியாது. எதிர்வீட்டுப் பொன்னுராஜ் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்மூரு மில்லு இல்ல. இழுப்பு வேற மாதிரி இருக்கு. பாய் வீட்டுக்குள்ளருந்துல்ல வருது" என்றார். ஷிப்டு மாறும்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அது தவறாமல் ஊதியது. ஜமால் வாயை மூடிக்கொண்டாலும் ஊதியது. பக்கத்து மில் மட்டும், ஆட்கள் முன்னதாகவே சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள் என்று நகராட்சியில் புகார் கொடுத்தது. நகராட்சி வந்து பார்த்து, நெஞ்சுக்கு வரி போட விதியில்லை என்று விட்டுவிட்டது.

ஜமால் கடற்கரையோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் இருபது வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்க் கயிறு சுற்றுவது, பழையதைப் பிய்த்தெடுப்பது, மறுபடி சுற்றுவது. முகத்துக்குத் துண்டு கட்டிக்கொள்வார். துண்டு நிறையக் கல்நார்தான். மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டர், நுரையீரலைச் சுற்றிக் கல்நார்த் தூசி தடித்து நிற்கிறது என்றார். சங்கைப் பற்றி எழுதச் சீட்டில் இடமில்லை என்றும் சொன்னார். வாசல் தாண்டினாலே ஜமாலுக்கு மூச்சு வாங்கியது. நிர்வாகமோ, அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை, எங்களிடம் கல்நாரும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. கூலியைக் கம்பெனி வாசலில் வைத்துக் கையில் கொடுத்த கான்ட்ராக்டர் போன இடம் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் இரக்கப்பட்டு, விட்டுவிடச் சொன்னார்கள். அவர் மனைவி நூர்பானு விடவில்லை. "காசு பொறவு தரட்டும். அவிய அங்கன வேலை பாத்தாவன்னு மொதல்ல ஒத்துக்கிடட்டும். வேலையே பாக்காத மனுசனுக்கு நெஞ்சு எப்படி அடைக்கும்?" என்றாள் வக்கீல் பியூலாவிடம். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அதற்குள் அந்த வழித்தடத்துக் கண்டக்டர்கள் எல்லோரும் நூர்பானுவுக்குத் தம்பி முறையாகிவிட்டார்கள்.

கடைசியில் கம்பெனி சாட்சியாக ஓய்வுபெற்ற சூப்பர்வைசர் தனுஷ்கோடி கூண்டில் ஏறினார். இஸ்திரி கலையாத சட்டை, காலடியில் டிபன் கேரியர் பை. "இந்த ஆளை நான் பாத்ததே இல்லைங்கய்யா. எங்க பிளான்ட்ல கல்நார்ங்கிற பேச்சே கிடையாது" என்றார். நீதிபதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஜமாலின் நெஞ்சில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. தனுஷ்கோடியின் உடம்பு முப்பது வருஷம் அந்தச் சங்குக்கு எழுந்த உடம்பு. அது அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கூண்டைவிட்டு இறங்கியது, பையை எடுத்தது, ஜமாலைத் தாண்டும்போது வழக்கம்போல அதட்டியது.

"ஏலே ஜமாலு, மேலெல்லாம் இருக்க கல்நாரத் தட்டிட்டுக் கேன்டீனுக்கு வா. சுண்ணாம்புப் பொம்ம மாதிரி வந்து நிக்காத."

"சரி சார், இந்த ஒரு பைப்ப முடிச்சிட்டு வாரேன்" என்றார் ஜமால். அவருக்கும் அதுதான் பழக்கம்.

வாசல்வரை போன பிறகுதான் தனுஷ்கோடிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. கோர்ட் டைப்பிஸ்ட், "பொம்ம வரைக்கும் அடிச்சிட்டேன் ஐயா" என்றார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாட்சி வழக்குக்கு மிகவும் உதவியிருப்பதாகக் குறித்துவிட்டு, சங்கு ஊதிவிட்டதால் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

தீர்ப்பு ஜமால் பக்கம் வந்தது. நூர்பானு முதல் பால்கோவாவை டைப்பிஸ்டுக்கு ஊட்டிவிடாத குறைதான். வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதே வேலை பார்த்தவர்கள் சேத்தூரிலிருந்தும் தேவதானத்திலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அவர்கள் நெஞ்சிலும் சங்கு இருந்தது. இத்தனை நாளும் இருமல் என்று நினைத்து அடக்கி வைத்திருந்தார்கள். பியூலா அவர்களைக் கோர்ட்டில் வரிசையாக உட்கார வைத்ததுமே, சாட்சியெல்லாம் வேண்டாம் என்று கம்பெனி நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கொண்டது.

மழைக்காலத்தில் தனுஷ்கோடி ஜமால் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கினார். அவர் வாயைத் திறக்குமுன் இரண்டு நெஞ்சிலும் சேர்ந்து ஊதியது; அவருடையது பதவிக்கேற்றபடி கொஞ்சம் கனமான குரல். நூர்பானு கதவை முழுக்கத் திறந்தாள்.

"உள்ள வாங்க. வக்கீலம்மா நம்பர் தாரேன். நீங்க அங்கன வேலை பாத்தீயன்னு எங்க வீட்டுக்காரரு சாட்சி சொல்லுவாவ" என்றாள்.

ஜமால் மூக்குக் குழாயோடு நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். எதிர்வீட்டில் பொன்னுராஜ் காதைச் சாய்த்துக் கேட்டு, "இன்னைக்கு ரெண்டு யூனிட்டும் ஓடுது போல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கைகழுவப் போனார்.