ஏழாம் எண்ணின் நடை

ஆறு மணிக்கு இன்பசேகரன் எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்து வந்து காப்பி போட்டான். குளித்தான். இட்லி மாவு புளித்துப் பொங்கியிருந்தது. அதைக் கொட்டிவிட்டு இரண்டு பிரெட் தின்றான். ஏழரைக்குத் திருநகர் ஸ்டாப்பில் கல்லூரி பஸ் ஏறினான்.

மூன்றாம் ஆண்டு பயோ இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு உடல் இயக்கமும் திரவ ஓட்டமும் அவன் பாடம். குழாயில் ரத்தம் ஓடுகிற கணக்கெல்லாம் அடுத்த மாதம்தான். இந்த மாதம் நடை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே லேபில் அவனோடு படித்த பன்னிரண்டு பேர், காலில் வெள்ளைப் பொட்டுகளை ஒட்டிக்கொண்டு கேமரா முன் நடந்தார்கள்; பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் அளவுகளைப் பதிந்தவன் அவன். பெயர் கிடையாது; எண், ஆணா பெண்ணா, உயரம், அவ்வளவுதான். அந்த அளவுகளைத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். திரையில் முகம் வராது. குச்சிக் கால்கள் நடக்கும்.

ஏழாம் எண் ஆன்சி. பிறகு அவனைக் கல்யாணம் செய்துகொண்டவள். போன மார்ச்சில் இறந்துபோனாள். ஏழு யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. லேப் காலியான பிறகு சார் அந்தக் குச்சிக் கால்களை ஓடவிட்டுப் பார்ப்பதும் தெரியாது.

"சார், ஏழாம் நம்பரத் தூக்கிரலாம்," என்றாள் தமிழ்வாணி.

"ஏன்?"

"உயரம் நூத்தி அம்பத்திமூணு. ஒரு எட்டு எம்புட்டுங்கிறீங்க? எழுபத்தெட்டு சென்டிமீட்டர். பஸ்ஸ விட்டுட்டு ஓடுற ஆள் மாதிரி."

"இடது பாதம் வேற இருபது டிகிரி வெளிய திரும்பி நிக்குது," என்றான் சோலை. கொட்டாம்பட்டிப் பையன்.

"சிலர் அப்படி நடப்பாங்க. இருக்கட்டும்."

"இது ஒண்ணால மொத்த சராசரியும் கெட்டுப்போகுது சார்."

"இருக்கட்டும்னேன்ல."

அவன் எழுந்து போர்டை நோக்கிப் போனான். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது.

"என்னடா?"

"கோவிச்சுக்கக் கூடாது சார்," என்றான் சோலை. "ஏழாம் நம்பரு அப்படியே நீங்கதான்."

"பொண்ணுக கணக்குல நீங்க போயி நடந்துட்டு வந்துட்டீங்களோ?" என்றாள் தமிழ்வாணி. "பொட்டு ஏதும் கழண்டுச்சான்னு வீடியோவப் பாத்துருவோம் சார்."

பக்கவாட்டில் எடுத்த வீடியோ ஒவ்வொரு எண்ணுக்கும் உண்டு. ஏழின் வீடியோவை மட்டும் அவன் திறந்ததில்லை. அதில் குரல் இருக்கும். மவுஸ் தமிழ்வாணியின் கையில் இருந்தது.

"போடு," என்றான்.

இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. நீல டிராக் பேன்ட், வெறுங்கால். நீள நீளமாக எட்டு வைத்து நடந்தது.

"அடியே ஆன்சி, ஒழுங்கா நடடி." இது ரூத், கேமராவைப் பிடித்திருந்த வகுப்புத் தோழி.

"ஒழுங்காத்தான் நடக்குறேன். இது இன்பா நடை. பாரு, இடது காலு மட்டும் தனியா எந்த ஊருக்கோ கிளம்புது பாரு."

"அவன் பாத்துறப் போறான்டி."

"அவனா? உள்ள உக்காந்து கம்ப்யூட்டரப் பாப்பான். என்னைய எங்க பாக்குறான்?"

லேபில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இன்பா யார், ஆன்சி யார் என்று கேட்க வேண்டியதில்லை. சோலை தன் செருப்பைக் குனிந்து பார்த்தான்.

"ஏழ எடுத்துருங்க," என்றான் இன்பசேகரன். "அது அவ நடை இல்ல."

தமிழ்வாணி வீடியோவை நிறுத்தப் போனாள்.

"ஓடட்டும்."

பக்கத்து அறையிலிருந்து அவனுடைய இருபத்தோரு வயதுக் குரல் கத்தியது: "ஓகே, வந்துருச்சு! அடுத்த ஆள் வரலாம்!"

கேமராவுக்கு முன்னால் கால்கள் நின்றன. விரல்கள் அந்த அறைப் பக்கம் திரும்பின.

"இன்பா, இன்னொரு தடவ எடு. இப்ப என் நடையில நடக்குறேன்."