பல் டாக்டர் லீவு

ஒரே மெயிலைப் பல பேருக்கு அனுப்பும்போது முகவரிகளை எந்தக் கட்டத்தில் போடுகிறீர்கள்? ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் இருக்க, பிசிசி என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நான் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். எனக்கு அது ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கடையில் கவுண்டர் பார்க்க ஒருத்தி வந்தாள். புருஷன் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். இந்த ஊரில் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான். பழைய மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும் என்பதால் அதை மூடிவிட்டாள். முதலாளி புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். அவள் பெயர், பின்னாலேயே கடையின் பெயர்.

மகளின் பல் எக்ஸ்ரே தேவைப்பட்டது. பழைய ஊர் பல் டாக்டரின் ஆபீஸுக்குப் போன் போட்டு, புது முகவரியைக் கொடுத்து, இது வெளியே தெரிந்தால் என் உயிர் போய்விடும் என்றாள். அங்கிருந்த பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றாளாம்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், டாக்டர் லீவு என்று நோயாளிகள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. மேலே அத்தனை முகவரியும், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி.

அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, அவரும் அங்கதான் பல் கட்டினாரு."

இத்தனை பேரில் உன் பெயரையா தேடுவான் என்றார் முதலாளி. அவள் கேட்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிளம்பிவிடுவதாகச் சொன்னாள்.

அதற்குள் அவன் வந்துவிட்டான். மரியாதையாக வரிசையில் நின்றான். அவள் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முறை.

"டாக்டர் லீவாம், தெரியுமாடி?"

முடியைப் பிடித்து அவள் முகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் மோதினான். இரண்டாவது மோதலில் கண்ணாடி உடைந்தது. மூன்றாவதிலும் அவன் நிறுத்தவில்லை. அவள் கத்தவே இல்லை, பழக்கம் போல.

ரொட்டி இழுக்கும் நீளப் பலகையால் அவன் முதுகில் போட்டேன். திரும்பினான். கையில் ரொட்டிக் கத்தி. என் முன்கையில் முழங்கைவரை கிழித்தான். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த தட்டை அவன் வாயில் அடித்தேன். தோல் கருகிய நாற்றம் ரொட்டி வாசனையோடு கலந்தது. கட்டின பல் மாவுக்குள் விழுந்தது. விழுந்தவனை மறுபடி அடித்தேன். முதலாளி வந்து இழுக்கும்வரை அடித்தேன்.

போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது. சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்றும் சொன்னது.

ஆஸ்பத்திரியில் அவள் புருவத்தைத் தைத்தார்கள். இடது காது கேட்கவில்லை. அங்கிருந்தே முதலாளி பல் டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"ஒரு லீவு மெயில்தானே சார்," என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை, கட்டோடு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எந்த ஊர் என்று என்னிடமும் சொல்லவில்லை.