வார்டில் ஒரு சவரம்

பாதி முகத்தில் நுரையோடு ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அந்தப் பெண் சலூனுக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்ததுமே ஆமென் அண்ணனுக்குக் கை நின்றுவிட்டது. நல்லவேளை, கத்தி இன்னும் கன்னத்தைத் தொடவில்லை.

சபையில் யார் ஜெபித்தாலும், அவர்கள் முடிப்பதற்குள் முந்திக்கொண்டு 'ஆமென்' போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. சலூனுக்கு விடுமுறை விடுகிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பின் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் ஜெபம் செய்வார். பதினோரு வருஷம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவர் நுழைந்தால் வார்டே கலகலக்கும். நர்ஸுகள் அவரை ஓரமாகக் கூப்பிட்டுத் தங்கள் வீட்டுக் கவலையைச் சொல்லி ஜெபம் கேட்பார்கள். ஆள் கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் மனசு தங்கம்.

போன வருஷம் இந்தப் பெண்ணின் அம்மா அங்கே படுத்திருந்தாள். மகளுக்கு வெளியூரில் வேலை, லீவு முடிந்துவிட்டது. போவதா இருப்பதா என்று தெரியாமல் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அவரால் தாங்க முடியவில்லை. "ஆண்டவர் என்கிட்ட பேசிட்டாரும்மா. நீ தைரியமா போ. அடுத்த தடவ வரும்போது உங்கம்மாதான் கதவத் திறப்பாங்க" என்று சொல்லிவிட்டார். ஆண்டவர் ஒன்றும் பேசியிருக்கவில்லை. அவள் போன ஒன்பதாம் நாள் அம்மா இறந்துபோனாள். மகள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார் போதகர். அதுதான் அவரை அறுத்தது. தான் சொன்ன பொய்யையும் சேர்த்து ஆண்டவர் தலையிலேயே கட்டிவிட்டார்களே என்று குறுகிப்போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் ஆமென் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பாவ அட்மிட் பண்ணிருக்கு. உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றாள் அவள். குரலில் ஈரமில்லை.

"என்னால ஜெபம் பண்ண முடியாதும்மா."

"ஜெபத்துக்கு இல்ல. சவரம் பண்ணணுமாம். அஞ்சு நாள் தாடி, அரிக்குதுன்னு உயிர எடுக்கறார்."

சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்ல எந்தச் சலூன்காரனுக்கு மனசு வரும்? நாற்காலியில் இருந்தவரை முடித்து அனுப்பிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரியவர் பாதியாக இளைத்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கன்னம் ஒட்டிப்போயிருந்ததால், நாக்கால் உள்ளேயிருந்து தள்ளிக்கொள்ளச் சொல்லி, குழாயைச் சுற்றி மெதுவாக மழித்தார். வலது கன்னம் முடிந்ததும் ஆமென் அண்ணனால் அதற்கு மேல் முடியவில்லை. கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு ஆண்டவர் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் சொன்னேன். அவர் பேரச் சொல்லிச் சொன்னேன்."

ஜன்னலருகே நின்றிருந்த மகள் திரும்பினாள்.

"பாதி மூஞ்சிய வழிச்சிட்டா இதச் சொல்றது? இப்ப நான் கோவிச்சுக்கிட்டா மீதிய எவன் வழிப்பான்?" என்றார் பெரியவர். சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் அவர் பார்த்தது மகளை. "எனக்கும் அன்னைக்கு அதத்தான் கேக்கணும்போல இருந்துச்சு. இவளப் போன்னு நானும்தான சொன்னேன். உன்ன மன்னிச்சு ரொம்ப நாளாச்சுப்பா. என்னய மன்னிக்கத்தான் ஆள் வேணும்."

மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்தவன் பாரத்தில் தானும் தோள் கொடுக்கிற அந்த மனிதரைப் பார்த்து, ஆமென் அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மகள் கட்டிலருகே வந்தாள். "நாளைக்கு எனக்கு டிக்கெட் இருக்கு. அப்பா எந்திரிச்சிருவாரா? இப்பச் சொல்லுங்க."

இனிப்பான வார்த்தை ஒன்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா நானா இருந்தா போகமாட்டேன்."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்தபடியே நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். "தண்ணி ஆறிப்போச்சு. சூடா பிடிச்சிட்டு வரேன், மாமா."

மாமா என்று அவள் கூப்பிட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

இடது கன்னத்தில் கத்தி இறங்க இறங்க அவருக்குள் ஜெபம் தானாக ஓடியது. எதையும் கேட்காத, எதையும் வாக்குக் கொடுக்காத ஜெபம். துண்டால் பெரியவரின் முகத்தை ஒற்றி எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர் மோவாயை உயர்த்திக் காட்டினார். ஆமென் அண்ணன் புது பிளேடைப் பிரித்தார். அதற்கடுத்த கட்டிலில் ஒருவர் அதற்குள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.