டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

இருபத்தாறு வருடம் எஸ்டேட் லோரியில் செம்பனைக் குலை ஏற்றிய நல்லசாமி, எந்தச் சுமைக்கும் இப்படிப் பயந்ததில்லை. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ரவாங் போகும் பஸ்ஸில், கைப்பையைக் காலடியில் போட்டுவிட்டு, மடியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் அசைந்தால்கூட முறைத்தார்.

பெட்டிக்குள், கம்ப்யூட்டரில் செருகும் மெல்லிய ஃபிளாப்பி டிஸ்க்குகள் பன்னிரண்டு. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் மகள் லீலாவதி ஐந்து மாதமாகக் கண் எரிய எரியத் தட்டிய ஆறாயிரம் தொழிலாளர்களின் பெயரும் விவரமும் அதில்தான் இருந்தன. பழைய கம்ப்யூட்டரை நேற்றுச் சாயங்காலமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரவாங்கில் புரோகிராம் எழுதும் சேது, இவற்றைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றித் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் லீலாவுக்கு வேலை நிரந்தரம். பட்டியல் தொலைந்தால் வேலையும் தொலைந்தது என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"வளைக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க, காந்தம் கிட்ட கொண்டு போகாதீங்க" என்று லீலா மூன்று தடவை சொல்லியிருந்தாள். மனிதர் ஒன்றையும் மீறவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, முதல் டிஸ்க்கை மட்டும் உறையிலிருந்து உருவினார். மகளின் சைக்கிள், பரீட்சைப் பேனா, முதல் சம்பளத்தில் வாங்கிய மின்விசிறி எதையும் அவர் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. டிஸ்க்கில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருந்தது. பொட்டுக்கென்றே விட்டுவைத்த இடம் என்று நினைத்துக்கொண்டார். சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

துணிக்கடைக்கு மேல்மாடியில் சேதுவின் ஆபீஸ். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் டிஸ்க்கை உருவியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அங்கிள், இது என்னா?"

"பொட்டு தம்பி. நல்ல காரியமாச்சே."

"இந்த ஓட்டை வழியாத்தான் மெஷின் படிக்கும் அங்கிள். இத போட்டா மெஷினும் கெட்டுப்போயிரும் லா. மொத டிஸ்க் படிக்கலன்னா மத்த பதினொண்ணையும் ஏத்த முடியாது."

நல்லசாமி அவசரமாகத் துண்டு நுனியால் துடைக்கப் போனார். துடைத்தால் கீறல் விழும் என்று சேது பதறித் தடுத்தான். நல்லது நினைத்த கையாலேயே மகள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

சேது எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டான். தங்கமான பிள்ளை. யார் செய்தது என்று சொல்லாமல், "மொத டிஸ்க்ல கொஞ்சம் பிரச்சினை" என்று மட்டும் சொன்னான். மறுமுனையில் லீலா சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ரிசீவரை அவரிடம் நீட்டினான்.

"லீலா, அப்பா தப்பு பண்ணிட்டேம்மா."

"பொட்டு வச்சிட்டீங்களா?"

அவர் சேதுவைத் திரும்பிப் பார்த்தார்.

"வைப்பீங்கன்னு தெரியும்பா. அதான் நேத்து மொத டிஸ்க்க மட்டும் ரெண்டு காப்பி எடுத்தேன். இன்னொண்ணு உங்க கைப்பைக்குள்ள அடியில, ரெண்டு அட்டைக்கு நடுவுல இருக்கு. முன்னாடியே கண்ணுல காட்டியிருந்தா அதுக்கும் வச்சிருப்பீங்க."

இருந்தது. சேது அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினான். கரகரவென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "படிக்குது அங்கிள்" என்றான்.

போன உயிர் திரும்பி வந்ததும் நல்லசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, பொட்டு வைக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டேனா? இங்க உசுரே போச்சு!"



"சொன்னா வச்சிருக்க மாட்டீங்களேப்பா. நீங்க வேண்டிக்காம நான் எந்தக் காரியத்துக்குப் போயிருக்கேன்? எனக்கு வேணும்பா அது."

நல்லசாமி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, எதிரில் ஒரு பையன் நிற்கிறான் என்றும் பார்க்காமல் அழுதார்.