மேயர் ஊற்றாத தண்ணீர்

வான்மதி டாலஸ் பக்கம் ஒரு டிவி நிலையத்தில் நிருபராக இருந்தாள். ஆலங்கட்டி மழையானாலும் ஃப்ரீவேயில் லாரி கவிழ்ந்தாலும் மைக்கோடு அங்கே நிற்பவள் அவள்தான். பக்கத்து ஆலன் நகரில் இருந்த அவள் பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனம்மிணி, எப்பப் பார்த்தாலும் மழைல நின்னுட்டே பேசற? மத்தவங்களாட்ட ஏசி ரூம்ல உக்காந்து நியூஸ் படிக்க உடமாட்டாங்களா?" என்பாள் அம்மா வசந்தாமணி.

"எனக்கு ஃபீல்டுதாம்மா பிடிக்கும்."

"வெயில்ல காடு உழுகற வேலை வேண்டாம்னுதான நா அமெரிக்காவுக்கே வந்தேன்" என்று அப்பா கிட்டுசாமி அலுத்துக்கொள்வார்.

அந்த வருடம் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் குழாய்த் தண்ணீர் பழுப்பாக வந்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. வான்மதி வீடு வீடாக ஏறி இறங்கினாள். வடிகட்டி பழுதானது மேயருக்கு முன்பே தெரியும் என்று நீர் நிலைய ஊழியர் ஒருவரையே கேமரா முன் சொல்ல வைத்தாள்.

"பிரமாதம்" என்றார் செய்தி இயக்குநர். "ஆனால் இவ்வளவு கனமான செய்திக்குக் கனமான குரல் வேண்டும்."

கனமான குரல், நரைத்த தலை ஆங்கருடையது. ஊழியரின் பேட்டியை வெட்டிவிட்டு, 'மேயர் இதை மறுத்தார்' என்று முடித்து, அவர் கால்பந்துச் செய்திக்குப் போய்விட்டார்.

வான்மதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது: காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர். நிலையத்தின் ஆலோசகர் விளக்கினார்: "பார்வையாளர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்கும்போது மட்டும்தான் பிடிக்கவில்லை."

சுருள்முடியை நேராக்கினார்கள். கையில்லாத மஞ்சள் கவுன் கொடுத்தார்கள். வசந்தாமணி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள்: "எம்பொண்ணு உக்காந்துட்டா!"

உட்காரவெல்லாம் இல்லை, ஸ்டுடியோவில் ஓர் அடுப்பு முன்னால் நிற்க வைத்தார்கள். வசந்த விழாவை ஒட்டிப் பான்கேக் சுட வந்த விருந்தினர் அதே மேயர். ஏப்ரன் கட்டிக்கொண்டு கேமராவுக்குக் கையசைத்தார். வான்மதி ஒரு கண்ணாடிக் குடுவையை அவரிடம் நகர்த்தினாள். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர்.

"உங்கள் ஊர்க் குழாயில் இன்று காலை பிடித்தது, மேயர். மாவில் ஊற்றுங்கள்."

மேயரின் சிரிப்பு அப்படியே நின்றது. "பால் இருக்கிறதா? பால் ஊற்றினால் மெதுவாக வரும்."

"உங்கள் ஊர்க் குழந்தைகளையும் பாலிலா குளிப்பாட்டுவது?"

"வடிகட்டியை மாற்றத்தான் போகிறோம். போன வருடமே..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லில் ஏற்கெனவே ஊற்றியிருந்த பான்கேக் கருகியது. இயக்குநர் விளம்பரத்துக்குப் போகச் சொல்லிக் காதுக்கருவியில் கத்தினார்.

மதியம் வான்மதியை இடைநீக்கம் செய்தார்கள். மாலைக்குள் அந்தக் காட்சியை நாடே பார்த்துவிட்டது. மறுநாள் மன்னிப்போடு கூப்பிட்டு, 'சமையலறைக் கேள்விகள்' என்று வாராந்தர நிகழ்ச்சியே கொடுத்தார்கள். ஏப்ரன் வேண்டாம் என்றதற்கும் இயக்குநர் சம்மதித்தார்.

ஆனால் அதன்பிறகு எந்த அதிகாரியும் அந்த அடுப்புப் பக்கம் வரவில்லை. ஒருவருக்கு மாவு அலர்ஜி, இன்னொருவருக்கு முதுகுவலி. சில வாரம் தனியாக ஆம்லெட் போட்டபின் அவளை மறுபடி ஃபீல்டுக்கே அனுப்பினார்கள்.

முதல் வேலை, அந்த நகரத்தில் புது வடிகட்டி பொருத்துவதைக் காட்டுவது. காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. முடி சுருண்டு முகத்தில் விழ, சேற்றில் நின்று, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை அவளே கேட்டாள்.

முடிந்ததும் போன் வந்தது. "அம்மிணி, மறுக்கா எந்திரிச்சு நிக்க உட்டுட்டாங்களா?" என்று வசந்தாமணி அங்கலாய்த்தாள்.

"ஆமாம்மா" என்று வான்மதி சிரித்தாள். "ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் இதை வாங்கினேன்."