வாத்தின் கால், ஆமையின் கால்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தாணுமாலையன் மாமா கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் ஓர் ஆமை இருந்தது. தேயிலைச் செடியடியில் கிடைத்ததாம். பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் விதுரா பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வந்து சேர்ந்த உலகத்தைப் பார்க்க விருப்பமில்லாததுபோல ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஐந்து வயது ஷிஜா அதன் முன்னால் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள்.

“வீட்டுக்குள்ள ஆமையா? பூந்த வீடு வெளங்குமா அஜிதா?” என்று வாசலில் நின்றே கேட்டாள் பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள். “கெணத்துல விடு. தண்ணியும் சுத்தமா கெடக்கும், கேட்டியா.”

அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுக்கிணறு. புழுபூச்சியைத் தின்னட்டும் என்று அதில் ஓர் ஆமையை விட்டு வைப்பது வழக்கம்.

“அம்மா, இது நீந்தாது” என்றாள் ஷிஜா.

“யாருட்டீ சொன்னா?” என்று கேட்டாள் அஜிதா.

“நீதான்.”

ஆரியசாலையில் ஒரு சின்ன நர்சரிக்கு அம்மா அஜிதாதான் டீச்சர். ஷிஜாவும் அங்கேதான் படித்தாள்.

“வாத்துக்கு வெரலுக்கு நடுவுல தோல் இருக்கு, அதான் நீந்துதுன்னு சொன்னல்லா? இதுக்குத் தோலே இல்ல. காலு ஆனைக்காலு மாதிரி இருக்கு.”

அவள் அப்பா வன்னியராஜ் சிரித்தான். “ஆனைக்காலா? அப்பம் நாளைக்கே ஆஸ்பத்திரில சீட்டு எடுக்கணும்!”

அஜிதாவுக்கும் சிரிப்பு வந்தது. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தே சொன்னாள்: “கிளாஸ்ல படம் பாத்தல்லா மோளே? படத்துல தண்ணியிலதான இருக்கு?”

ஷிஜா யோசித்தாள். வகுப்புச் சுவரில் மாட்டிய படத்தில், நீலத் தண்ணீரில், மீனுக்கும் தவளைக்கும் நடுவே ஆமை. ஆமாம், அங்கேதான் இருந்தது. வன்னியராஜ் வாளியில் வைத்து அதைக் கிணற்றில் இறக்கியபோது, கயிற்றின் நுனியை அவளும் பிடித்துக்கொண்டாள்.

காலையில் தண்ணீர் இறைக்கப் போன பகவதியம்மாள் கூப்பாடு போட்டாள். ஆமை மிதந்துகொண்டிருந்தது. யாருக்கும் காட்டாத கழுத்து இப்போது முழுவதும் வெளியே நீண்டு கிடந்தது. அது ஏறி நிற்க, வழவழப்பான அந்த உறைக்கிணற்றில் ஒரு கல்கூட இல்லை.

அஜிதா அதன் காலைத் தொட்டுப் பார்த்தாள். குட்டையாக, தூண்போல, மொட்டை நகங்களோடு ஒரு கால். விரலிடையில் தோல் இல்லை; தரையில் நடக்கிற கால். குழம்பை இறக்கி வைத்துவிட்டு நேற்றே ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

ஷிஜா அழவில்லை. நர்சரிக்கு வழக்கம்போல் வந்தாள்.

“தண்ணியில வாழ்றது எது?” என்று அஜிதா கேட்டாள்.

“மீன்! தவளை! ஆமை!” பிள்ளைகளோடு சேர்ந்து ஷிஜாவும் கத்தினாள்.

அஜிதா அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “ஷிஜா, நேத்து ஆமைக் காலைப் பத்தி ஒண்ணு சொன்னல்லா? அதை எல்லாருக்கும் சொல்லு மக்கா. அதுதான் சரி.”

ஷிஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

“படத்துல தண்ணியிலதான இருக்கு, டீச்சர்” என்றாள்.