துரை எழுதிய சொல்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிய ஏப்ரல் மாதம். எங்கள் வக்கீலும் குடும்பமும் வெள்ளிப் பாத்திரங்களோடு கும்பகோணம் போய்விட்டார்கள். வீட்டைக் காக்க என்னை விட்டுப் போனார்கள். சமையற்காரி அபயாம்பாள், என் தலையில் குண்டு விழுந்தால் யாருக்கு நஷ்டம்?

தெருவில் காக்கையைத் தவிர சத்தமில்லை. யாரோ கதவைத் தட்டியதும் எனக்கு உயிரே போய்விட்டது. திறந்தால் மந்தைவெளி அன்வரி பேகம், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். கையில் ஒரு கடிதம்.

அவள் புருஷன் ஷாஹுல் ஹமீதுக்கு ரங்கூனில் மரக் கம்பெனி வேலை. கம்பெனி துரை கல்கத்தாவிலிருந்து எழுதியிருக்கிறான். தபால்காரர் படித்துச் சொன்னாராம்: ரங்கூன் துறைமுகத்தில் ஏதோ நடந்தது, அதில் உன் புருஷன் எங்களை விட்டுப் பிரிந்தான். அந்த ‘ஏதோ’ அவருக்கு விளங்கவில்லை. ‘இம்ப்ரோக்ளியோ’ என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, புதுமாதிரிக் குண்டாக இருக்கும் என்றிருக்கிறார். இங்கிலீஷ் தெரிந்தவர்களெல்லாம் ஊரைவிட்டு ஓடிய பிறகு வேறு யாரைக் கேட்பது?

“மாமியாரு இன்னிக்கே இத்தா குந்தச் சொல்றாங்க மாமி. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக் கூடாது. பர்மா ஆளுங்க வந்து எறங்குற கல்கத்தா மெயிலுக்குத் தெனம் நான்தான் போய் நிக்கிறேன். நான் குந்திட்டா அவரை யாரு தேடுவாங்க?”

வக்கீல் அலமாரியில் இங்கிலீஷ்-தமிழ் அகராதி உண்டு. சாவி கும்பகோணத்தில். அம்மிக்குழவியை எடுத்தேன். கண்ணாடி உடைந்த சத்தத்தில் இருவருமே அரண்டுபோனோம். வக்கீல் திரும்பி வந்தால் என் வேலை போகும், போகட்டும்.

குழந்தைகள் கத்திப் படித்ததில் ஏபிசிடி வரிசை எனக்கு மனப்பாடம். எழுத்து எழுத்தாகக் கடிதத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அன்வரி தன் கண்ணாடி வளையல்களை மறு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

கிடைத்துவிட்டது. பக்கத்தில் தமிழில்: ‘சிக்கல், குழப்பம், தாறுமாறு.’

இரண்டு தடவை படித்தேன். பாழாய்ப்போன துரை, குழப்பத்துக்கு அவன் ஊரில் வேறு வார்த்தையா இல்லை?

“கும்பல்ல ஏதோ கொழப்பம், பிரிஞ்சுட்டார். அவ்வளவுதான் போட்டிருக்கு. செத்துட்டார்னு இல்லை. நீ மெயிலுக்குப் போ. உன் மாமியாருக்கு நானே வந்து படிச்சுக் காட்டறேன்.”

அவள் ஓட்டமாய் ஓடினாள். நான் அகராதியை மூடவில்லை.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தந்தி இருக்கிறது. போன சண்டையில் பஸ்ராவுக்குக் குமாஸ்தாவாகப் போன என் புருஷனைப் பற்றி வந்தது. தந்தி என்றாலே சாவு என்று, பிரிக்கும் முன்பே வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாம் நாள் என் தலையை மழித்தார்கள். அந்தத் தந்தியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை. அதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தந்தியை எடுத்து வந்து அகராதியின் பக்கத்தில் விரித்தேன். அந்த வார்த்தை தொடங்கும் ‘எம்’ எழுத்து வரை புரட்டினேன். அதற்குமேல் கை வரவில்லை, பயமாக இருந்தது. இதிலும் செத்துவிட்டார் என்று இல்லாவிட்டால், இருபத்தைந்து வருஷமாகத் தேடாமல் விட்டவரை இனி எந்த ரயிலுக்குப் போய்த் தேடுவேன்?